முழுப்பயன் அலுவலகம்

இதில் வருவதையெல்லாம் நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பது எனக்கே சந்தேகம். அந்த அலுவலகத்தின் கதவு மஞ்சளா பச்சையா என்று கேட்டால் தெரியாது. பதின்மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. லில்லேவிக்கில் விசாரித்துப் பார்த்தேன். அந்த ஊர்க்காரர்கள் பதில் சொல்வதற்கு முன் நெடுநேரம் சன்னலுக்கு வெளியே பார்ப்பார்கள். அதற்குள் கேட்டவனுக்கே கேள்வி மறந்துவிடும். ஆனால் கூட்டக் குறிப்பேடு ஒன்று இன்னும் இருக்கிறது. அதில் எழுதியிருப்பதை இதுவரை யாரும் மறுக்கவில்லை. மற்றதை நான் கேட்டபடி சொல்கிறேன்.

சுவீடனின் வடக்கே, கடல் ஆறு மாதம் உறைந்து கிடக்கும் லில்லேவிக்கின் சிறு பல்கலைக்கழகத்துக்கு ஓர் ஆண்டு படிக்க வந்தான் அமாரோ. போர்ச்சுகலின் மலைப்பக்கம், பிரகான்சா ஊர்க்காரன். மண்ணைப் பற்றிப் படிப்பவன். அவனுக்கு அதிகம் பேச வராது. பேச வராததில் அவனுக்கு வருத்தமும் இல்லை. ஊரில் அவன் அம்மாவே, "இவனைப் பெத்ததுக்கு ஒரு கல்லைப் பெத்திருந்தா அதாவது உருளும்போது சத்தம் போட்டிருக்கும்" என்பாள்.

அவன் ஊர்ப் பல்கலைக்கழகம் அவனிடம் ஒரே ஒரு காகிதம் கேட்டிருந்தது: முழுப்பயன் சான்றிதழ். வெளிநாட்டில் கழித்த ஆண்டை அவன் முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டான் என்று லில்லேவிக் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அங்கே எழுதிய பரீட்சை ஒன்றும் செல்லாது. மூன்றாம் ஆண்டை மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டும். மூன்றாம் ஆண்டை முடித்தால் பிரகான்சா மலைச்சரிவு மண்ணை அளக்கும் குழுவில் அவனுக்கு ஓர் இடம் காத்திருந்தது. அந்த வேலை ஒன்றுக்காகத்தான் அவன் பத்து வயதிலிருந்து பைகளில் மண்ணைக் கட்டி, கட்டிலுக்கடியில் வைத்து, அம்மாவிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தான்.

லில்லேவிக்கில் அந்தச் சான்றிதழைக் கொடுப்பதற்கென்றே ஓர் அலுவலகம் இருந்தது. அதன் பெயர் முழுப்பயன் அலுவலகம். அதன் இயக்குநர் ஹென்னிங், ஆகஸ்டு மாத வரவேற்புக் கூட்டத்தில் கைகளை விரித்துக்கொண்டு மேடையேறினார்.

"பிள்ளைங்களா, என்னை ஹென்னிங்னே கூப்பிடுங்க. இங்க பெரியவர் சின்னவர் கிடையாது. நான் பேசும்போது மட்டும் யாரும் குறுக்க பேசாதீங்க. ஒரு வருஷம் வெளிநாட்டுல படிக்கிறது வாழ்க்கையில ஒரே தடவை. நான் உங்க வயசுல பிரான்சுல ஒரு வருஷம் இருந்தேன். முப்பத்தோரு ஊர் பார்த்தேன். நானூறு போட்டோ. அதுல என் தோள்ல கை போட்டு நிக்கிறவங்க யாருன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியல. ஆனா எல்லாரும் சிரிக்கிறாங்க! அதுதான் பயன்."

மாணவர்கள் கைதட்டினார்கள்.

"இந்த ஊர் ஜனங்களைப் பத்தியும் சொல்லணும். நான் தலைநகரத்துக்காரன். பதினொரு வருஷமா இங்க இருக்கேன். நான் என்ன சொன்னாலும் இவங்களுக்கு மூச்சே நின்னுபோகுது. அப்படி ஒரு பிரமிப்பு! இல்லையா குன்வோர்?"

ஓரத்தில் முத்திரைகளை அடுக்கிக்கொண்டிருந்த செயலர் குன்வோர், உள்ளூர்ப் பெண்மணி, தலையை நிமிர்த்தாமல் "ஷுப்" என்று மூச்சை உள்ளே இழுத்தார்.

"பாருங்க!" என்றார் ஹென்னிங்.

ஒவ்வொருவருக்கும் ஒரு புள்ளிப் புத்தகம் கொடுத்தார்கள். மகிழ்ச்சி, நட்பு, இயற்கை, எதிர்பாராதவை, கலத்தல் என்று ஐந்து பிரிவுகள். மே மாதத்துக்குள் நாற்பது புள்ளி சேர்க்க வேண்டும். எதிர்பாராத அனுபவங்களைப் பதினான்கு வேலை நாள்களுக்கு முன்பே பதிவு செய்துவிட வேண்டும் என்று மூன்றாம் பக்கத்தில் அச்சிட்டிருந்தது. அமாரோ அதை இரண்டு முறை படித்தான். மொழி தனக்கு இன்னும் பிடிபடவில்லை என்று நினைத்துக்கொண்டான்.

நட்புப் பிரிவுக்கு அவனுக்கு ஒரு நண்பனை ஒதுக்கினார்கள். பெயர் போன்டுஸ், மாணவர் பிரதிநிதி. முதல் சந்திப்பு நவம்பர் பதினேழு, பிற்பகல் இரண்டு மணி முதல் இரண்டே முக்கால் வரை. அதற்கு முன் போன்டுஸுக்கு நேரமில்லை. அவனுக்கு ஒதுக்கப்பட்ட நண்பர்கள் ஒன்பது பேர்.

நவம்பர் பதினேழில் போன்டுஸ் சரியாக இரண்டு மணிக்கு வந்தான், காபி வாங்கினான், ஒரு தாளை விரித்தான்.

"உன்னோட பெரிய கனவு என்ன?"

அமாரோ யோசித்தான். அவன் நிதானமாகத்தான் யோசிப்பான். மண்ணைப் பற்றிச் சொல்லலாமா, சொன்னால் இவனுக்குப் புரியுமா என்று அவன் ஒரு முடிவுக்கு வருவதற்குள் போன்டுஸ் கடிகாரத்தைப் பார்த்தான்.

"பரவால்லப்பா, 'பயணம்'னு போட்டுக்கறேன். நிறைய பேர் அதான் சொல்றாங்க. அடுத்தது. எதைக் கண்டா பயம்?"

"இந்த மாதிரி கேள்வியை."

"'உயரம்'னு போடறேன்" என்றான் போன்டுஸ். இரண்டே முக்காலுக்குக் கையெழுத்திட்டு, அமாரோவின் தோளை ஒரு தட்டுத் தட்டிவிட்டு எழுந்தான். மூன்று புள்ளி. தோளைத் தட்டியதற்குத் தனியாக அரைப் புள்ளி இருந்தது. அதைக் குன்வோர் பிறகு சேர்த்துக் கொடுத்தார்.

இதற்கெல்லாம் முன்பே, அக்டோபரில், விடுதியின் சலவை அறையில் ஒன்று நடந்தது.

அங்கே சலவைக்கு முறை உண்டு. சுவரில் ஒரு பலகை. அவரவர் தம் சிறு பூட்டை அவரவர் நேரத்தில் மாட்டிவிட்டால் அந்த மூன்று மணி நேரம் அந்த அறை அவருடைய ராஜ்யம். அந்த ஊரில் பூட்டு மாட்டிய நேரத்தில் கைவைப்பவனை யாரும் அடிப்பதில்லை; சீட்டு எழுதி ஒட்டுவார்கள். அடிவாங்குவதே மேல். அமாரோ ஒருநாள் மெஷினைச் சுத்தம் செய்யாமல் தன் துணிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மறுவாரம் உலர்த்தும் மெஷினில் ஒரு சீட்டு இருந்தது: "வடிகட்டியில் பஞ்சை அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். நாம் விலங்குகள் அல்ல."

அமாரோ அகராதியை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்து கீழே எழுதினான்: "அந்த விலங்கு நான்தான். மன்னிக்கவும். இனி சுத்தம் செய்வேன்."

அடுத்த வாரம் அவன் முறை முடியும் நேரத்தில் ஒரு பெண் கூடையோடு வாசலில் நின்றாள். அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"விலங்கு நீதானா?"

"ஆமாங்க."

"வாலைக் காணோம்."

"குளிருக்கு உள்ள மடிச்சு வச்சிருக்கேன்."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் போகவும் இல்லை. அவள் பெயர் மேரித். பக்கத்துக் கிராமத்தவள், கடற்பனியின் தடிமனை அளக்கப் படிப்பவள். அவள் தன் துணியைப் போட்டுவிட்டு, எதிர் பெஞ்சில் உட்கார்ந்தாள். இருவரும் மெஷினுக்குள் துணி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முப்பத்தைந்து நிமிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஊருக்கு வந்தபிறகு அமாரோவுக்கு நெஞ்சு லேசானது அன்றைக்குத்தான்.

"அடுத்த செவ்வாக்கிழமையும் இதே நேரமா?" என்று கேட்டான் அவன்.

மேரித் சட்டென்று "ஷுப்" என்று மூச்சை உள்ளே இழுத்தாள். அமாரோ பதறி எழுந்தான். தண்ணீர் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான்.

"எதுக்கு இது?"

"உங்களுக்கு மூச்சு... இழுப்பு நோயோன்னு..."

"அட மண்ணு! அது 'ஆமா'ப்பா. இங்க நாங்க அப்படித்தான் சொல்லுவோம். வாயைத் திறந்தா குளிர் உள்ள போயிடும்ல, அதான் மிச்சம் பிடிக்கறோம்."

அதற்குப்பின் அவள் சிரித்தாள். தண்ணீரையும் குடித்தாள்.

ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அவர்கள் சலவை அறையில் உட்கார்ந்தார்கள். துவைக்கத் துணி இல்லாவிட்டால் திரைச்சீலையைக் கழற்றிக்கொண்டு வந்தார்கள். டிசம்பரில் ஒருநாள் ஈரத் துணிப் பைகளோடு வெளியே வந்தபோது மாலை நாலு மணிதான் இருக்கும். வானம் முழுக்கப் பச்சை ஒளி திரைபோல அசைந்துகொண்டிருந்தது. கையிலிருந்த துணி விறைத்துப் பலகையாகும் வரை இருவரும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நின்றார்கள். மேரித்தின் பனியன் ஒன்று நிமிர்ந்து நின்றபடியே வீடு போய்ச் சேர்ந்தது.

மறுநாள் அமாரோ புள்ளிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனான்.

"வட ஒளி பார்த்தேன். ஒரு சிநேகிதியோட."

ஹென்னிங் மிக அன்போடு அவனை உட்காரவைத்தார்.

"எங்க பார்த்த?"

"சலவை அறை வாசல்ல."

"சலவை 'அன்றாடத் தேவை'யில வருதுப்பா. அனுபவத்துல வராது. முன்கூட்டி பதிவு பண்ணியா?"

"அது வரும்னு எனக்குத் தெரியாதே."

"அதுக்குத்தான் பதிவு பண்ணணும்ங்கறேன். எதிர்பாராததை நாம எதிர்பார்க்காம விட்டுட்டா, அது பாட்டுக்கு நடந்துட்டுப் போயிடும். யாருக்குப் பிரயோஜனம்? அந்தப் பொண்ணு உனக்கு ஒதுக்கினவளா?"

"இல்ல. தானா வந்தா."

"தானா வர்ற நட்பை நாங்க ஊக்கப்படுத்தறதில்ல. தரம் எப்படி இருக்கும்னு சொல்ல முடியாது."

அதனால் அமாரோ ஜனவரியில் முறைப்படி வட ஒளி பார்க்கப் போனான். படிவத்தில் "நான் வியப்படைய இருக்கிறேன்" என்ற வரிக்கு நேரே கையெழுத்திட்டான். பஸ்ஸில் நாற்பது பேர். வானம் மூடிக் கிடந்தது. ஆனாலும் நிகழ்ச்சி நடந்தாக வேண்டுமே. பஸ்ஸுக்குள் திரை கட்டிப் படம் காட்டினார்கள். ஒவ்வொரு படத்துக்கும் எல்லாரும் "ஆகா" என்றார்கள். போன்டுஸ் குறிப்பெடுத்தான். அமாரோ "ஆகா" சொல்லவில்லை என்று அவனுக்கு நான்குக்கு மூன்று புள்ளி.

பிப்ரவரியில் அவன் பெயர் வேறொரு பட்டியலில் ஏறியது. "தனிமை அபாயம்" என்பது அதன் தலைப்பு. அவன் விருந்துகளில் ஓரமாக நின்றான், பாட்டு நிகழ்ச்சியில் வாயசைக்கவில்லை, மகிழ்ச்சிப் பிரிவில் அவனுக்கு இரண்டே புள்ளி. ஹென்னிங் கவலைப்பட்டார். உண்மையாகவே கவலைப்பட்டார், அவர் கெட்ட மனிதரில்லை.

"நீ தெற்கத்திக்காரன்டா! வெயில்ல பொறந்தவன்! உனக்குள்ள ஒரு உற்சாகம் இருக்கணும். நான் அதை வெளிய கொண்டுவர்றேன்."

அவனுக்கு ஒரு மஞ்சள் விளக்கும், குலுக்கினால் சலங்கை ஒலிக்கும் ஒரு கைப்பறையும் கொடுத்தனுப்பினார். போதாதென்று 'தெற்கின் வெதுவெதுப்பு' என்று ஒரு பயிலரங்கம் ஏற்பாடு செய்து அவனையே நடத்தச் சொன்னார். உள்ளூர்க்காரர்கள் முப்பத்தெட்டுப் பேர் வந்து வட்டமாக உட்கார்ந்தார்கள். அமாரோ நடுவில் கைப்பறையோடு உட்கார்ந்தான். என்ன செய்வதென்று தெரியவில்லை. காபி வைத்திருந்தார்கள், ஏலக்காய் ரொட்டி இருந்தது. எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். ஒரு மணி நேரம் யாரும் பேசவில்லை. வெளியே பனி விழுந்தது. ஒருமுறை கைப்பறை மடியிலிருந்து நழுவி ஒரே ஒரு சலங்கை ஒலித்தது. எல்லாரும் அதைக் கேட்டு முடித்தார்கள். பிறகு கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்கள்.

கருத்துப் படிவங்களில் முப்பத்தெட்டுப் பேரும் "மிக நன்று" என்று எழுதியிருந்தார்கள். ஒரு மீன்பிடிப்பவர், "தெற்கத்திக்காரர்கள் இவ்வளவு பண்பானவர்கள் என்று எனக்கு இதுவரை தெரியாது, மறுபடி எப்போது?" என்று எழுதியிருந்தார்.

ஹென்னிங் தலையில் கைவைத்துக்கொண்டார். "முப்பத்தெட்டு பேர் வந்தும் ஒருத்தர்கூட சத்தம் போடலையே! பாவம், மரியாதைக்கு எழுதியிருக்காங்க." புள்ளி: ஒன்று.

மே மாதம் வந்தது. கடற்பனி உடைந்தது. அமாரோவின் புத்தகத்தில் முப்பத்தொரு புள்ளி. ஒன்பது குறைவு. பரீட்சை எல்லாவற்றிலும் அவன் தேறியிருந்தான். அதைப் பற்றி முழுப்பயன் அலுவலகத்துக்கு அக்கறையில்லை. பிரகான்சாவிலிருந்து மண் குழுவின் தலைவர் எழுதியிருந்தார்: ஜூன் பதினைந்துக்குள் சான்றிதழ் வராவிட்டால் இடம் வேறொருவருக்கு.

குன்வோர்தான் அவனை மேல்முறையீடு செய்யச் சொன்னார். "எழுதிக் குடு தம்பி. விசாரணைன்னு ஒண்ணு வச்சே ஆகணும். நான் குறிப்பெடுப்பேன்" என்றார். அவர் அவனிடம் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுவே முதல் தடவை.

விசாரணையில் மூன்று பேர்: தலைவராக ஹென்னிங், மாணவர் சார்பில் போன்டுஸ், குறிப்பெடுக்கக் குன்வோர். சாட்சியாக மேரித் வந்தாள். பனி அளக்கும் ரப்பர் காலணியை மாற்றக்கூட அவளுக்கு நேரமில்லை, தரையெல்லாம் ஈரம்.

"மேரித், இந்தப் பையன் உன் நண்பனா?" என்று கேட்டார் ஹென்னிங்.

மேரித் "ஷுப்" என்றாள்.

ஹென்னிங் கையை உயர்த்தினார். "கேட்டவுடனே அதிர்ந்துபோயிட்டா, பாவம். கேள்வியை வாபஸ் வாங்கறேன். அமாரோ, நீயே சொல்லு. இந்த ஊரோட நீ கலந்திருக்கியா? உன் மனசாட்சியைத் தொட்டு."

அமாரோ அந்த மே வெளிச்சத்தைப் பார்த்தான். சலவை அறை, விறைத்த பனியன், அந்த மீன்பிடிப்பவர் பனி உடைந்தபின் இரண்டு முறை அவனைப் படகில் கூட்டிப்போய்ப் பேசாமல் திரும்பக் கொண்டுவந்து விட்டது, எல்லாம் நினைவுக்கு வந்தது. அவன் "ஷுப்" என்றான்.

"இவனுக்கும் பதில் இல்லை" என்றார் ஹென்னிங் வருத்தத்தோடு. "எழுதிக்குங்க குன்வோர்."

"எழுதிட்டேன்."

"என்னன்னு?"

"'ஆம்'னு."

"அவன் ஒண்ணுமே சொல்லலையே!"

"சொன்னானே. எல்லார் காதுலயும் விழுந்துச்சே."

"மூச்சுதானே வாங்கினான்!"

குன்வோர் பேனாவை மூடி வைத்தார். "ஹென்னிங், இங்க அதுதான் ஆமா. எங்கம்மா அப்படித்தான் சொல்லுவாங்க, பால்காரர் அப்படித்தான் சொல்லுவார், பாதிரியார் கல்யாணத்துல கேட்டப்ப நானும் அப்படித்தான் சொன்னேன். இந்தப் பையன் தனக்கே தெரியாம சொல்லிட்டான். மூஞ்சியைப் பாருங்க."

அமாரோ உண்மையிலேயே திகைத்துப் போயிருந்தான். தன் வாயிலிருந்து அது வந்ததை அவன் கவனித்திருக்கவில்லை. மேரித் முழங்கையால் அவனை இடித்தாள். "போச்சு போ. இனிமே உங்க ஊர்ல உன்னை ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிட்டுப் போவாங்க."

குன்வோர் புள்ளிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். "கலத்தல் பிரிவு, பத்தொன்பதாவது விதி. 'உள்ளூர்ப் பழக்கம் ஒன்று தன்னையறியாமல் உடம்பில் ஏறியிருந்தால், உள்ளூர்க்காரர் இருவர் சாட்சியோடு, பத்துப் புள்ளி.' நீங்க எழுதின விதிதான். இதுவரைக்கும் யாருக்கும் குடுத்ததில்ல. சாட்சி மேரித் ஒண்ணு, நான் ஒண்ணு."

போன்டுஸ் எட்டிப் பார்த்தான். "ஆனா அவன் முன்கூட்டி மனு போடலையே?"

"தன்னையறியாம வர்றதுக்கு எப்படிடா முன்கூட்டி மனு போடுறது?" என்றார் குன்வோர்.

"நியாயமான கேள்வி" என்றார் ஹென்னிங் மெதுவாக. "ஒரு துணைக்குழு அமைக்கலாம்." ஆனால் அவர் குரலில் வழக்கமான ஒலி இல்லை. அவர் குன்வோரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப... நகராட்சிக் கூட்டத்துல நான் பேசும்போது எல்லாரும்..."

"'சரி, சரி, மேல சொல்லு'ன்னு அர்த்தம்."

"பிரமிப்பு இல்லையா?"

"இல்ல."

அறையில் நெடிய மௌனம். உள்ளூர்க்காரர் இருவரும், அமாரோவும், அந்த மௌனத்தில் வசதியாக உட்கார்ந்திருந்தார்கள். போன்டுஸ் மட்டும் தாள்களை அடுக்கினான். ஹென்னிங்கின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது.

"ரொட்டிக்கடை நடத்துற இங்கேர்," என்றார் அவர். "ஏழு வருஷத்துக்கு முன்னாடி. ஞாயித்துக்கிழமை என்கூட சாப்பிட வர்றீங்களான்னு கேட்டேன். அவங்க சட்டுனு மூச்சை இழுத்தாங்க. நான் ரொம்ப அநாகரிகமா கேட்டுட்டேன்னு நினைச்சு மன்னிப்புக் கேட்டுட்டு வெளிய வந்துட்டேன். அதுக்கப்புறம் ரொட்டியே பெரிய கடையிலதான் வாங்கறேன்."

"ஐயோ கடவுளே" என்றாள் மேரித்.

"அவ அந்த ஞாயித்துக்கிழமை நீலக் கவுன் போட்டுக்கிட்டு ஆறு மணி வரைக்கும் உக்காந்திருந்தாளாம்" என்றார் குன்வோர். "ஊருக்கே தெரியும். ஏன் வரலேன்னுதான் யாருக்கும் தெரியாது. கேக்கறது எங்க பழக்கமில்ல."

ஹென்னிங் எழுந்தார். கோட்டைத் தேடினார், அது அவர் மேலேயே இருந்தது.

"இதுல ஒரு கையெழுத்து" என்று குன்வோர் சான்றிதழை நீட்டினார். "நாற்பத்தொண்ணு. ஒண்ணு கூடவே இருக்கு."

ஹென்னிங் படிக்காமல் கையெழுத்திட்டார். பதினொரு ஆண்டுகளில் அவர் படிக்காமல் கையெழுத்திட்டது அது ஒன்றுதான் என்று குறிப்பேட்டின் ஓரத்தில் குன்வோர் எழுதி வைத்திருக்கிறார். பிறகு மாடிப்படியில் ஹென்னிங் ஓடும் சத்தம் கேட்டது.

ரொட்டிக்கடையில் நடந்ததற்குக் குறிப்பேடு இல்லை. இங்கேர் முதலில் ஐந்து நிமிடம் அவரைத் திட்டினார் என்றும், அந்த ஊர் அளவுக்கு அது மிக நீளமான பேச்சு என்றும் சொல்கிறார்கள். பிறகு ஹென்னிங் அதே கேள்வியை மறுபடி கேட்டார். இங்கேர் மூச்சை உள்ளிழுத்தார். ஹென்னிங் அதை எழுத்தில் தரும்படி கேட்டார். ரொட்டி வைக்கும் காகிதப் பையில் இங்கேர் எழுதிக் கொடுத்தார்.

ஹென்னிங்கும் இங்கேரும் அடுத்த ஆண்டு திருமணம் செய்துகொண்டார்கள். ஹென்னிங் இப்போது விடிகாலையில் மாவு பிசைகிறார், அலுவலகத்துக்கு வாரம் இரண்டு நாள்தான் போகிறார். போன்டுஸ் தலைநகரத்தில் அமைச்சகம் ஒன்றில் சேர்ந்தான். அவனுக்குக் கீழே நாற்பது பேர் வேலை செய்கிறார்கள், என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. குன்வோர் ஓய்வு பெற்றார். முழுப்பயன் அலுவலகம் இன்னும் இருக்கிறது. இப்போது அறுபது புள்ளி. அமாரோ ஜூன் பதினோராம் தேதி பிரகான்சா போய்ச் சேர்ந்து, மண் குழுவில் தன் இடத்தைப் பெற்றான். இன்றும் அங்கேதான் வேலை பார்க்கிறான். மேரித் அடுத்த கோடையில் எந்த அலுவலகத்திலும் பதியாமல் மூன்று வாரத்துக்கென்று அங்கே வந்தாள், இன்னும் திரும்பவில்லை. அவர்களுக்கு இரண்டு பெண் குழந்தைகள். இரண்டும் விடிந்ததிலிருந்து தூங்கும்வரை ஓயாமல் பேசுகின்றன.